கோணல் அலகும் குஞ்சின் பசியும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். முடிச்சூர்ப் பக்கத்து மூதாட்டி ஒருவர் தம் பேத்தியுடன் வந்தார். சிறுமியின் கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதனுள் மூன்று வாரக் கோழிக்குஞ்சு ஒன்று. அதன் மேலலகு இடப்புறமும் கீழலகு வலப்புறமுமாக, திறந்த கத்தரிக்கோல் போல் விலகி நின்றன.

"சாமி, இது வீட்டுக்கு ஆகாதாம். கழுத்தைத் திருகிப் போடுன்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க. இவ விடமாட்டேங்கிறா" என்றார் பாட்டி. சிறுமி ஒன்றும் பேசவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

தாம்பரம், பெருங்களத்தூர், சேலையூர்ப் பகுதிகளில் மனைகள் சுருங்கிவிட்டபோதிலும், கொல்லையில் நாலைந்து கோழி வளர்க்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அவர்களுக்கெல்லாம் பயன்படும் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கோணல் அலகு சகுனமும் அன்று, சாபமும் அன்று. தாய் தந்தைக் கோழிகளின் வழியாக வரும் குறை அதற்கு ஒரு காரணம். அடைகாக்கும் 21 நாட்களில் சூடு மிகுதல், தாய்க்கோழிக்குச் சத்துக் குறைதல், பொரித்தபின் அடிபடுதல் ஆகியனவும் காரணமாகலாம். பொரித்த அன்று அலகு பெரும்பாலும் நேராகவே தோன்றும். சில வாரங்களில் மண்டையெலும்பு வளர வளரக் கோணல் வெளிப்படும்.

கோழியின் அலகு ஓயாமல் வளர்வது. மேலும் கீழும் உரசி, தரையைக் கொத்தித் தேய்வதால்தான் அது அளவோடு நிற்கிறது. கோணலான அலகு உரசுவதில்லை. ஆகவே நீண்டு, கோணலும் மிகுகிறது. குஞ்சு கொத்தும், தானியமோ வாயில் அகப்படாது. கூட்டத்தில் உடன்பிறப்புகள் முந்திக்கொள்ளும். அக்குஞ்சு கோணலால் சாவதில்லை, பசியால் சாகிறது.

செய்ய வேண்டியது எளிது. அதற்கெனத் தனிக் கிண்ணம் வையுங்கள். அது ஆழமாக இருக்கட்டும். குஞ்சின் முதுகளவு உயரத்தில் இருக்கட்டும். குஞ்சுத் தீவனத்தைச் சற்றே நீர் தெளித்துப் பிசைந்து கொடுங்கள். மிஞ்சியது புளிக்குமுன் அகற்றிவிடுங்கள். நீண்ட நுனியை நகம் தேய்க்கும் அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்க்கலாம். ஆழமாக வெட்டலாகாது. சிறுவனாயிருந்தபோது இத்தகைய குஞ்சொன்றின் அலகை நான் சவரக் கத்தியால் நறுக்கினேன், இரத்தம் பெருகிற்று. அலகினுள் இரத்தக் குழாயும் நரம்பும் உண்டென்பதை அன்று அறியாதிருந்தேன். அது மறுநாள் இறந்தது. மற்றொன்று: இக்கோழி பிழைத்து வளர்ந்தாலும் அதன் முட்டையை அடை வைக்காதீர்கள்.

அலகு ரப்பர் போல் வளைந்தால் அது வேறு நோய். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் குறைவதால் வருவது. வெறும் நொய்யரிசி தின்று, வெயில் படாமல் அட்டைப்பெட்டியிலேயே வளரும் குஞ்சுகளுக்கு இது நேரும். தீட்டிய அரிசி மட்டுமே தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதை ஜாவாத் தீவில் 1890களில் கண்டறிந்த எய்க்மன் என்னும் மருத்துவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. இளவெயிலும் முறையான குஞ்சுத் தீவனமும் கொடுங்கள்.

மாவாக அரைத்த தீவனம் அலகினுள் ஒட்டி இறுகினால் புண்ணாகும். அவ்வப்போது வாயைத் திறந்து பாருங்கள். அலகோரத்திலும் கொண்டையிலும் பொருக்குகள் தோன்றினால் அது கோழி அம்மை. நம் பகுதியில் மழைக்குப்பின் பெருகும் கொசுக்கள் அதைப் பரப்பும், மனிதருக்கு அது தொற்றாது, தடுப்பூசி உண்டு. பொரித்த குஞ்சின் அலகு நுனியில் உள்ள வெண்புள்ளியோ நோயன்று. ஓட்டை உடைக்க இயற்கை தந்த முட்டைப்பல் அது, சில நாளில் தானே உதிரும், கிள்ளாதீர்கள்.

ஐயமிருந்தால் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை நாடுங்கள். காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையமும், வேப்பேரியில் 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. எவ்வளவு முயன்றும் தின்ன இயலாமல் மெலிந்து துன்புறும் குஞ்சை, மருத்துவர் கையால் வலியின்றி முடிவுறச் செய்வதும் இரக்கமே. சகுனத்துக்கு அஞ்சிக் கழுத்தைத் திருகுவது அவ்வாறன்று.

ஐரோப்பாவிலும் இமயத்திலும் வாழும் ஒரு சிறு பறவைக்கு வளரும்போது இயல்பாகவே அலகு பின்னிக்கொள்ளும். ஊசியிலை மரக் காய்களைப் பிளந்து விதையெடுக்க அதுவே அதற்குக் கருவி. ஆண்டவரின் சிலுவையிலிருந்து ஆணியைப் பிடுங்க முயன்றதால்தான் அதன் அலகு திருகிக்கொண்டது என ஐரோப்பிய மக்கள் கதை சொல்லி வந்தனர். அது கதையே. எனினும், கோணல் அலகைக் கண்டு அன்பை நினைத்தவர்களும் இருந்தார்கள் அல்லவா?

தவக்காலத்தில் அவ்வீட்டுக்குச் சென்றிருந்தேன். செங்கல்லின்மேல் ஒரு பழைய டப்பா; அதில் தலையை நுழைத்து அந்தக் கோழி தின்றுகொண்டிருந்தது. உடன்பிறப்புகளைவிடச் சிறியதுதான், அலகும் நேராகிவிடவில்லை. "இப்ப யாரும் ஒண்ணும் சொல்றதில்ல சாமி" என்றார் பாட்டி.

சிறுமி செய்ததெல்லாம், உணவை அதன் வாய்க்கு எட்டும் இடத்தில் வைத்ததுதான். நம் வீடுகளிலும் தெருக்களிலும் குறையோடு பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எட்டும் உயரத்தில் நாம் எதை வைத்திருக்கிறோம் என்று, இம்மாதம் ஒரு முறையேனும் எண்ணிப் பார்ப்போமாக.