மீன்தொட்டிக்கு மணல் வேண்டுமா?

தோப்பூரிலே கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்க விரும்பும் பிள்ளைகள் கொட்டியாரக் குடாக் கரையின் மணலை நாடினால் வியப்பில்லை. அழகிய மணல்தான்; ஆயினும் அதிற் கலந்துள்ள சிப்பித் துணுக்குகள் சிறிது சிறிதாகக் கரைந்து தொட்டி நீரைக் கடினமாக்கும். மென்னீரிற் பிறந்த மீன் அதனால் வாடும். ஒரு பிடி மணலில் வினாகிரி விட்டுப் பார்ப்போம். நுரை பொங்கினால் அம்மணலை விலக்குவோம். வீடு கட்டி மிஞ்சிய மகாவலி ஆற்றுமணலை நன்கு கழுவி இடுதல் நன்று.

மணலே இல்லாவிட்டால் என்ன? கழிவும் மிஞ்சிய இரையும் உடனே கண்ணிற் படும். குழாயால் உறிஞ்சியெடுப்பதும் எளிது. குஞ்சுகளுக்கும் நோயுற்ற மீனுக்கும் வெறுந்தரையே ஏற்றது. ஆனால், மீன்கழிவில் உண்டாகும் அமோனியா என்னும் நஞ்சை மாற்றும் பக்டீரியாக்களுக்கு மணல் ஒரு குடியிருப்பு. மணலை அகற்றினால் அவ்வேலை முழுவதும் வடிகட்டியின் தலையிலே விழும்.

மீனின் இயல்பையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1929 ஆம் ஆண்டில் தெரணியகல அறிவியலுலகுக்கு அறிமுகஞ் செய்த செரி பார்ப், நம் நாட்டின் தென்மேற்கு நிழலோடைகளுக்கே உரியது. சருகு படிந்த தரையருகே ஒதுங்கி வாழும் அச்சிறு மீன், வெறுங் கண்ணாடியின்மேல் மிரண்டு நிறம் வெளிறும்.

ஆகவே, வளர்க்குந் தொட்டிக்கு இரண்டு அங்குல ஆற்றுமணல். குஞ்சுத் தொட்டிக்கு வெறுந்தரை. இரண்டும் வேண்டுவோர் சிறு மண்சட்டியில் மணலிட்டுச் செடி நட்டு உள்ளே வைக்கலாம். தொட்டியின் அழகு நமக்கு; அதன் தரையோ மீனுக்கு என்பதை மறவாதிருப்போம்.