குறட்டையைச் சர்க்கரை டாக்டரிடம் சொல்லுங்கள்

சங்கரன்கோவிலில் கோடை ராத்திரி என்றால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மொட்டை மாடியில்தான் படுக்கை. அப்படியொரு ராத்திரியில்தான் சித்தி அதைக் கவனித்தாள். சித்தப்பாவின் குறட்டை, பக்கத்துத் தெருவில் ஓடும் விசைத்தறிச் சத்தம் மாதிரி அவளுக்குப் பழகிப்போன ஒன்று. ஓடும்வரை காதில் விழாது. நின்றால் விழிப்புத் தட்டிவிடும். அன்றைக்கு நின்றது. எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். சித்தப்பாவின் நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கின. மூக்குக்கு நேரே புறங்கையை வைத்தால் காற்று வரவில்லை.

“இருவது எண்ணுத வரைக்கும் மூச்சே இல்ல. பொறவு திடுக்குன்னு ஒரு செருமல், மறுபடி குறட்டை. விடிய விடிய இதே கததான். மூச்சு விட மறந்துருதாக” என்று காலையில் சொன்னாள். சித்தப்பா நம்பவில்லை. “நான் நல்லா அசந்துல்லா தூங்குனேன்” என்றார்.

அவருக்குப் பத்து வருஷமாகச் சுகர். சித்தி பார்த்ததற்கும் அந்தச் சுகருக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

தூக்கத்தில் உடம்பின் தசைகளெல்லாம் தளரும். தொண்டைத் தசையும் தளரும். சிலருக்கு நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து, மூச்சுப் பாதையை அடைத்துவிடுகிறது. நெஞ்சு இழுக்கிறது, காற்று உள்ளே போவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை பதறி ஒரு நொடி உலுக்கி எழுப்புகிறது. அதுதான் அந்தச் செருமல். மறுநாள் காலையில் அது நினைவிலேயே இருக்காது. இதற்குப் பெயர் ஸ்லீப் அப்னியா. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு தடைப்பட்டால், அல்லது வெகுவாகக் குறைந்தால், ஒரு முறை என்று கணக்கு. மணிக்கு ஐந்து முறைக்குக் கீழே என்றால் கவலையில்லை. 15-ஐத் தொட்டால் மிதமானது, 30-ஐத் தாண்டினால் கடுமையானது. மணிக்கு 30 முறை என்பது ஏழு மணி நேரத் தூக்கத்தில் 210 முறை. அத்தனை தடவை ஒருவர் மூச்சுக்குப் போராடி எழுகிறார்.

சர்க்கரை உள்ளவர்களில் எத்தனை பேருக்கு இது இருக்கிறது? யாரை அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். அமெரிக்காவில் உடல் பருமனும் சர்க்கரையும் சேர்ந்து இருந்த 306 பேருக்குத் தூக்கப் பரிசோதனை செய்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். 86 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ஸ்லீப் அப்னியா இருந்தது; ஐந்தில் ஒருவருக்கும் மேல் கடுமையான வகை. எல்லாரும் கனத்த உடம்புக்காரர்கள் என்பதால் அதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2008-ல் தந்த அறிக்கை, சர்க்கரை உள்ளவர்களில் 58 சதவீதம் பேருக்கு வரை தூக்கத்தில் ஏதோ ஒரு வகை மூச்சுக் கோளாறு இருக்கலாம் என்றது. குறைத்தே மதிப்பிட்டாலும் நாலைந்து பேரில் ஒருவர். அதுவே சிறிய எண்ணிக்கை இல்லை.

நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள். இந்தியப் பெரியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு, ஸ்லீப் அப்னியா இருக்கலாம் என்று 2023-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டார்கள். அதே ஆண்டில் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வு, சர்க்கரை நோயாளிகளும் சுமார் 10 கோடிப் பேர் என்றது. இந்த இரண்டு கூட்டத்திலும் பொதுவான முகங்கள் ஏராளம். நம்மவர்களுக்கு ஒல்லியான உடம்பிலும் தொப்பை விழும். தாடை அமைப்பும் சிலருக்குக் குறுகலாக இருக்கும். அதனால், பெருத்த உடம்புக்குத்தான் இந்தத் தொல்லை வரும் என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டும் ஏன் கூட்டாளிகள்? வயிற்றுக் கொழுப்பு இரண்டுக்கும் பொதுவான காரணம். அதோடு முடியவில்லை. ஒவ்வொரு தடவை மூச்சு அடைக்கும்போதும் ஆபத்து வந்ததாக நினைத்து உடம்பு அட்ரினலின், கார்டிசால் போன்றவற்றைச் சுரக்கிறது. கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் அவிழ்த்துவிடுகிறது. இன்சுலினின் பேச்சு எடுபடுவதில்லை. ராத்திரி இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டவருக்குக் காலையில் வெறும் வயிற்றுச் சுகர் ஏறி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்டு. நாள்பட்ட சர்க்கரை நரம்புகளைக் கெடுக்கும்போது, மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் கட்டுப்பாடும் பாதிக்கப்படலாம்.

என்னை மிகவும் உறுத்துவது, ஒரு நோய் இன்னொன்றின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதுதான். பகலில் அசதியா? “சுகர்தான்.” டீக்கடை பெஞ்சிலேயே கண் சொருகுகிறதா? “சுகர்தான்.” ராத்திரி நான்கு தடவை ஒன்றுக்குப் போக எழுந்தாலும் அதே பதில். உண்மையில் அடைத்த மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் ஏற்படும் இழுவையில் இதயத்தின் மேலறை விரிகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் தவறாகப் புரிந்துகொண்டு, சிறுநீரை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனை அனுப்புகிறது. சுகர் ஓரளவு கட்டுக்குள் இருந்தும் ராத்திரி அடிக்கடி எழுகிறவர்கள் ஸ்லீப் அப்னியாவைக் கட்டாயம் சந்தேகிக்க வேண்டும். பெண்களுக்குக் குறட்டை பெரிதாகக் கேட்காமலும் இருக்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு தூக்கமின்மை, காலைத் தலைவலி, தீராத அசதி என்று வரும்; வீட்டு வேலை அதிகம் என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள்.

சந்தேகம் வந்தால் முதலில் ஒரு டேப் போதும். சட்டை தைக்கும்போது டெய்லரிடம் கழுத்தளவைக் கேளுங்கள். 16 அங்குலத்தைத் தொட்டால் ஓர் எச்சரிக்கை. பலத்த குறட்டை, பகல் தூக்கம், மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்தது, பிரஷர், உடல் பருமன், ஐம்பது தாண்டிய வயது, ஆணாக இருப்பது ஆகியவை மற்ற எச்சரிக்கைகள். மூன்றோ அதற்கு மேலோ பொருந்தினால் நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பார்க்க வேண்டும். விரலில் ஒரு கிளிப், மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சில் ஒரு பட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக் கட்டிலிலேயே செய்யும் பரிசோதனையும் இருக்கிறது.

சிகிச்சையில் முதன்மையானது சிபாப் எனும் கருவி. 1981-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் உலகுக்குச் சொன்னது. முகமூடி வழியே மெல்லிய காற்றழுத்தம் தந்து தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். பகல் தூக்கம் போகும். பிரஷரும் கொஞ்சம் இறங்கும். சுகரையும் இறக்குமா என்றால், ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. அதனால் கருவி வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. எடை குறைந்தால் சுகர், மூச்சுத் தடை இரண்டுமே இறங்கும். மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் ஓராண்டில் சுமார் 10 கிலோ குறைத்தவர்களுக்கு மூச்சுத் தடை தெளிவாகக் குறைந்தது. சர்க்கரைக்குத் தரப்படும் டிர்செபடைட் ஊசியை, பருமனோடு சேர்ந்த ஸ்லீப் அப்னியாவுக்கும் அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்திருக்கிறது. ஒருக்களித்துப் படுப்பது உதவும். மதுவும், டாக்டரைக் கேட்காமல் போடும் தூக்க மாத்திரையும் தொண்டையை இன்னும் தளர்த்தும். ஆபரேஷன் ஏதாவது என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் குறட்டையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். லாரி, வேன் ஓட்டுகிறவர்கள் பரிசோதனையை ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அக்காவிடமும் குறட்டையைப் பற்றிச் சொல்லலாம். சித்தப்பா அடுத்த தடவை சுகர் பார்க்கப் போனபோது, எப்போதும்போல் சித்தி வெளியே பெஞ்சில், மாத்திரைப் பையோடு உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை நான் அவளைக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்தேன். முதல் நாள் ராத்திரி செல்போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோவை டாக்டரிடம் நீட்டினாள். அவர் சத்தத்தைக் கூட்டி இரண்டு தடவை பார்த்தார்.