கையில் இருந்தும் சொந்தமில்லை

அச்சுப் புத்தகத்தை வாங்கியவர் அதை இரவல் தரலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம், பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லலாம். மின்னூலில் பெரும்பாலும் இவற்றுக்கு இடமில்லை. ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்துபவருக்குக் கிடைப்பது படிப்பதற்கான உரிமம் மட்டுமே. பூட்டின் சாவி விற்றவரிடமே இருக்கிறது.

இதன் பொருள் 2009 ஜூலையில் பலருக்கும் உறைத்தது. ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ நாவல்களின் சில பதிப்புகளை அமேசானின் மின்னூல் படிப்புக் கருவியான கிண்டிலுக்காக உரிமை இல்லாத ஒரு பதிப்பாளர் விற்பனைக்கு ஏற்றியிருந்தார். அது தெரிந்ததும் அமேசான், வாசகர்களின் கருவிகளுக்குள்ளிருந்தே அவற்றை அழித்துவிட்டது. பணம் திரும்பியது. ஆனால் பாடத்துக்காக ஒரு மாணவர் எழுதிவைத்த குறிப்புகள், அவை சுட்டிய பக்கங்கள் மறைந்ததால் பயனற்றுப்போயின; இந்த இழப்புக்கு விலை போட முடியாது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோதும் பணம் திரும்பியது, நூல்கள் திறக்கவில்லை.

மென்பொருளும் அதே வழியில் சென்றது. ஒருமுறை விலை கொடுத்து ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திவந்த ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்புகளை 2013இல் அடோபி சந்தா முறைக்கு மாற்றியது. சந்தா நின்றால் செயலியும் நிற்கும்.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம், கிடைப்பது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லை டிஜிட்டல் பொருள்களை விற்கும் கடைகள் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. பதிவிறக்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளக்கூடியவற்றுக்கு விலக்கு உண்டு.