மரத்தூளில் பொதிந்த குடியரசு

கிழக்கிலங்கையின் வெல்லாவெளிச் சந்திக்குக் காலையில் வரும் மீன் வியாபாரியின் றெஜிபோம் பெட்டியைத் திறந்தால் கொடுவாவுக்கும் இறாலுக்கும் மேலே நொறுக்கிய ஐஸ் கிடக்கும். எழுவான்கரையில் ஏற்றிய ஐஸ், பட்டிருப்புப் பாலம் கடந்து படுவான்கரை வெயிலுக்குள் வந்தும் பாதிக்கு மேல் உருகாமல் இருக்கிறது. றெஜிபோம் புழக்கத்துக்கு வருமுன் இதே வேலையை உமியும் மரத்தூளும் செய்தன. போரதீவுப்பற்றில் உமிக்கா பஞ்சம்? குத்துகிற நெல்லின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு உமிதான். மில்லுகளின் பின்புறம் மலைபோல் குவிந்து, கடைசியில் நெருப்புக்குப் போகிறது.

ஐஸை எதில் பொதிந்தால் அதிக நாள் நிற்கும் என்று இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் கிறுக்குப் பிடித்தவர்போல் சோதித்துக்கொண்டிருந்தார். வைக்கோல், மரச்சீவல், நிலக்கரித் தூள், நெல்லுமி என்று கைக்குக் கிடைத்த எதையும் அவர் விடவில்லை. பெயர் பிரெடெரிக் ரியூடர், ஊர் பொஸ்ரன். பிறந்தது 1783 செப்ரெம்பர் 4. அமெரிக்கா தனி நாடு என்று பிரித்தானியா பாரிஸில் கையெழுத்திட்டதற்கு மறுநாள். தந்தை வோஷிங்ரனின் படையில் சட்ட அதிகாரியாக இருந்தவர். குடியரசும் இவரும் ஏறத்தாழ ஒரே வயதுக்காரர். அந்தக் குடியரசின் முதல் அரை நூற்றாண்டில் அரசியலும் தொழிலும் சமூகமும் எப்படிப் புரண்டன என்பதை அரசியலமைப்பை வைத்தும் போர்களை வைத்தும் சொல்லலாம். எனக்கு அதை ஐஸை வைத்துச் சொல்லத்தான் பிடிக்கும். காரணம், அந்த ஐஸ் தமிழர் கரைக்கும் வந்து சேர்ந்தது.

விடுதலை கிடைத்ததும் பொஸ்ரன் வணிகர்களுக்குக் கிடைத்த முதல் பரிசு, பூட்டிய கதவு. பிரித்தானியா தன் மேற்கிந்தியத் தீவுகளை அமெரிக்கக் கப்பல்களுக்கு அடைத்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக மீனும் மரமும் கொண்டுபோய்ச் சர்க்கரையோடு திரும்பியவர்கள், புதுச் சந்தை தேடி உலகைச் சுற்ற வேண்டியதாயிற்று. 1784ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் ‘யுனைற்றட் ஸ்ரேற்ஸ்’ என்ற கப்பல் புதுச்சேரியில் நங்கூரமிட்டது. இந்தியாவுக்கு வந்த முதல் அமெரிக்கக் கப்பல் அதுதான். பிரெஞ்சுக்காரரின் துறை என்பதால் அங்கே தடை இல்லை. பத்து ஆண்டு கழித்து, 1794இல் பிரித்தானியாவோடு ஆன ஜே உடன்படிக்கை, ஆங்கிலேயர் வசமிருந்த இந்தியத் துறைகளையும் அமெரிக்கர்களுக்குத் திறந்தது. ஆனால் நியூ இங்கிலாந்திடம் இந்தியாவுக்கு விற்க என்ன இருந்தது? வாங்குவதற்குப் பட்டியல் நீளம்: பருத்தித் துணி, நீலம், வெடியுப்பு, தோல். போகும்போது அடித்தட்டில் கல்லை நிரப்பிக்கொண்டு போன கப்பல்களும் உண்டு.

கல்லுக்குப் பதில் ஐஸ். யோசனை அவ்வளவுதான். கூலி இல்லாமல் ஏரியில் விளைகிற சரக்கு, வெறுமையாகப் போகிற கப்பல், மேயின் மாநில மர ஆலைகள் எங்கே கொட்டுவது என்று திணறிய மரத்தூள். பயனற்ற மூன்றை ஒன்று சேர்த்ததுதான் ரியூடரின் மூளை. இயந்திரம் எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை.

1806 பெப்ரவரியில் ‘பேவரிற்’ என்ற கப்பலில் முதல் சரக்கை மார்ட்டினிக் தீவுக்கு அனுப்பியபோது ஊரே சிரித்தது. ஐஸ் போய்ச் சேர்ந்தது. அதை வைக்க அங்கே இடமில்லை, வாங்கியவர்களுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. நட்டம். அடுத்த ஆண்டு அரசியல் குறுக்கே வந்தது. பிரித்தானியாவும் பிரான்சும் நடுக்கடலில் அமெரிக்கக் கப்பல்களை மறிப்பதைக் கண்டு பொறுக்காமல், 1807 டிசம்பரில் ஜனாதிபதி ஜெபர்சன் தன் நாட்டுக் கப்பல்கள் எதுவும் அந்நியத் துறைக்குப் போகக்கூடாதென்று சட்டம் கொண்டுவந்தார். எதிரியைப் பட்டினி போடப் போட்ட சட்டம் பொஸ்ரனைத்தான் பட்டினி போட்டது. 1809இல் அது நீங்கியது. 1812இல் பிரித்தானியாவுடன் போரே வந்துவிட்டது. அந்த இடைவெளியில் ரியூடர் குடும்பத்தின் சொத்து காணி வியாபாரத்தில் கரைந்தது. 1812இலும் 1813இலும் கடன் கட்ட முடியாமல் அவர் சிறைக்குள் போனார். சுதந்திர மனிதர்களின் நாடு என்று உலகுக்கு அறிவித்த தேசம், கடன்காரனை அடைத்து வைத்த தேசமும் ஆகும்.

அதே காலத்தில் இன்னொரு சரக்கும் திசை திரும்பியது. 1812இல் கல்கத்தாவுக்கு வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிகளைக் கிழக்கிந்தியக் கம்பனி வெளியேறச் சொன்னது. அவர்களில் ஒருவரான சாமுவேல் நியூவெல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் நல்ல இடம் என்று ஊருக்கு எழுதினார். 1815 ஒக்ரோபரில் மாசச்சூசெற்சிலிருந்து மிஷனரிகளை ஏற்றிய ‘டிரையட்’ கப்பல் புறப்பட்டு மறு ஆண்டு மார்ச்சில் கொழும்பை அடைந்தது. வட்டுக்கோட்டைச் செமினறியும் உடுவில் பெண்கள் பாடசாலையும் மானிப்பாயில் டொக்டர் கிறீன் தமிழில் கற்பித்த மருத்துவமும் அந்தப் பயணத்தின் பின்வரவு. நாம் அதைச் சமய வரலாறு என்று தனிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம். மாசச்சூசெற்ஸ் கரையிலிருந்து பார்த்தால் ஐஸும் மிஷனும் ஒரே காற்றில் பாய் விரித்தவை. 1837இல் அமெரிக்க வங்கிகள் விழுந்தபோது பொஸ்ரன் பணமுடை யாழ்ப்பாணத்துக் கிராமப் பள்ளிக்கூடங்களை மூட வைத்தது.

ஐஸுக்கு வருவோம். நீர் உறைவதில் ஒரு விந்தை உண்டு. நீர் 4 பாகை செல்சியசில்தான் மிக அடர்த்தியானது. அதற்குக் கீழே குளிர்ந்தால் இலேசாகி மேலே வரும். ஆகவே ஏரி மேலிருந்து கீழாக உறைகிறது. உறைந்த மேற்பரப்பே கீழுள்ள நீருக்குப் போர்வையாகிவிடுவதால், தடிக்கத் தடிக்க வளர்ச்சி மந்தமாகும். மேலே வெண்பனி விழுந்தால் இன்னும் மந்தம். அதனால் குதிரைகளைக் கட்டிப் பனியை வழித்தெடுத்துவிட்டு, குளிர் நேரே தாக்கும்படி விடுவார்கள். மெதுவாக உறைகிற ஐஸ் காற்றையும் அழுக்கையும் கீழே தள்ளிக்கொண்டே வளர்வதால் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும்.

வெட்டுவதுதான் தலைவலி. கோடரியும் வாளும் கொண்டு அறுத்தால் கோணல் மாணலான பாளங்கள். அடுக்கினால் இடையில் காற்று. 1825இல் பிரெஷ் பொண்ட் ஏரிக்கரையில் தங்குவிடுதி நடத்திய குடும்பத்து இளைஞர் நதானியேல் வையெத், பற்கள் வைத்த கலப்பையைக் குதிரையில் பூட்டினார். ஒரு பல்வரிசை கோடு கீறும். அந்தக் கோட்டில் ஒரு வழிகாட்டித் தகடு ஓட, அடுத்த கோடு தானாகவே சம தூரத்தில் விழும். இரண்டு திசையிலும் உழுதால் ஏரி சதுரங்கப் பலகை. கடப்பாரையால் தட்டினால் ஒரே அளவுச் சதுரங்கள் பிரிந்து மிதக்கும். அமெரிக்கத் தொழிற்புரட்சி என்றதும் எல்லாரும் எலி விற்னியின் 1793ஆம் ஆண்டுப் பஞ்சு அரைக்கும் இயந்திரத்தைச் சொல்வார்கள். என் கணக்கில் இந்தக் கலப்பைக்கும் அதே வரிசையில் இடம் உண்டு. ஒரே அளவில் பாளம் வந்ததால் விலை இறங்கியது, அடுக்கு இறுகியது, கப்பலில் உருகுவதும் குறைந்தது.

1833 மே 12. ‘ரஸ்கனி’ என்ற கப்பல் ஏறத்தாழ 180 தொன் ஐஸுடன் பொஸ்ரனிலிருந்து கல்கத்தாவுக்குப் பாய் விரித்தது. நான்கு மாதப் பயணம். பூமத்திய ரேகையை இரு முறை கடக்க வேண்டும். செப்ரெம்பரில் போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 தொன் மிச்சம்.

இது எப்படிச் சாத்தியம்? ஐஸ் உருகுவதற்கு அசாத்தியமான வெப்பம் வேண்டும். பூச்சியப் பாகையிலுள்ள ஒரு கிலோ ஐஸைப் பூச்சியப் பாகை நீராக மாற்றும் வெப்பம், அதே ஒரு கிலோ நீரை 80 பாகைக்குச் சூடாக்கப் போதும். இரண்டாவது, பரப்பு. 180 தொன் ஐஸை 25 கிலோக் கட்டிகளாகத் தனித்தனியே வைத்தால் வெளிக்காற்று படும் பரப்பு ஏறக்குறைய 3,900 சதுர மீற்றர். எல்லாவற்றையும் நெருக்கி ஒரே பெருங்கட்டியாக அடுக்கினால் 200 சதுர மீற்றர்தான். பத்தொன்பது மடங்கு குறைவு. வையெத்தின் சதுரங்கள் இங்கேதான் காசாகின்றன.

மூன்றாவது மரத்தூள். 120 நாளில் 80 தொன் உருகியதென்றால் நாளொன்றுக்கு சுமார் 670 கிலோ. அதற்கு வேண்டிய வெப்பத்தைக் கணக்குப் பார்த்தேன்: 2.6 கிலோவாற்று. வீட்டில் உடுப்பு மினுக்குகிற ஆயிரம் வாற்று அழுத்தி இரண்டரை. வெப்பமண்டலக் கடல் முழுவதும் சேர்ந்து அந்தக் கப்பலின் வயிற்றுக்குள் புகுத்த முடிந்த வெப்பம் அவ்வளவே. வெப்பத்தைத் தடுப்பது மரத்தூளின் மரம் அல்ல, துகள்களுக்கிடையே அசையாமல் சிறைப்பட்ட காற்று. றெஜிபோமின் இரகசியமும் அதுவே, உமியின் இரகசியமும் அதுவே. 13 சென்ரிமீற்றர் உலர்ந்த மரத்தூள் சுற்றிவர இருந்தாலே மேற்சொன்ன அளவுக்கு வெப்பம் அடங்கிவிடும். தோராயக் கணக்குத்தான், ஆனால் ஒரு சாண்கூட இல்லை பாருங்கள். ‘உலர்ந்த’ என்பதை மட்டும் மறக்கக்கூடாது: உருகிய நீர் வடிந்தோட வழி இல்லையென்றால் தூள் ஊறி, காற்று இருந்த இடத்தில் நீர் நின்று, வெப்பம் தாராளமாகப் பாயும். ரியூடர் தன் களஞ்சியங்களில் வடிகாலுக்கு அவ்வளவு மெனக்கெட்டது இதற்காகத்தான்.

நம்மூர் உமிக்கும் கணக்கு பெரிதாக மாறாது. 25 கிலோ ஐஸ்கட்டி ஒன்றைச் சுற்றிலும் பத்துச் சென்ரிமீற்றர் காய்ந்த உமி போட்டு, அடியில் நீர் வடிய வழி விட்டு நிழலில் வைத்தால், நாளுக்கு மூன்று நான்கு கிலோதான் குறையும். மீன் வியாபாரிக்கு இது அதிசயமான செய்தி அல்ல. பெட்டி விலை ஏறும்போது மில் முதலாளிக்கு ஒருவேளை செய்தியாகலாம்.

கல்கத்தாவில் ஆங்கிலேயருக்குத் தலைகால் புரியவில்லை. சுங்கத் தீர்வையை நீக்கினார்கள். வெயிலுக்கு முன் இறக்க இரவிலும் அனுமதித்தார்கள். பணம் திரட்டி ஐஸ் களஞ்சியம் கட்டினார்கள். ஆளுநர் நாயகம் பென்ரிங் பிரபு, ஐஸோடு வந்த முகவருக்கு வெள்ளிக் கிண்ணம் பரிசளித்தார். ஐம்பது ஆண்டுக்கு முன் துப்பாக்கி நீட்டிய இரு தரப்பும் ஒரு குவளைக் குளிர்நீரில் சமாதானமாயின. ரியூடருக்கு இந்தியா உயிர் கொடுத்தது என்றே சொல்லலாம். கோப்பி ஊக வியாபாரத்தில் இறங்கி இரண்டு இலட்சம் டொலருக்கு மேல் கடன்பட்டிருந்த அவர், ஐஸ் விற்ற காசில் அதை அடைத்து முடித்தார்.

சென்னையில் கடற்கரையோரம் வட்ட முகப்புள்ள ஐஸ் களஞ்சியம் 1842இல் எழுந்தது. அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. எந்தச் சரக்கானாலும் கப்பல் தூரத்தில் நிற்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டி எடுத்துவர வேண்டும். நடுக்கடலில் காத்த ஐஸ், கடைசி ஒரு மைலில்தான் வெயிலுக்கு அஞ்சியது. 1840களின் பின்பாதியில் எழுத்தாளர் தோரோ தங்கியிருந்த வோல்டன் குளத்திலும் ரியூடரின் ஆட்கள் இறங்கி வெட்டினார்கள்; தன் குளத்து நீரைச் சென்னையிலும் கல்கத்தாவிலும் குடிப்பார்கள் என்று அவர் தத்துவமாக மகிழ்ந்தார். குடித்தது யார் என்பதை அவர் கேட்கவில்லை. கோட்டை அதிகாரிகளும் வசதி படைத்தவர்களும்தான். மசூலாப் படகோட்டிக்கு ஐஸ் கைவிரல் விறைக்கிற சுமை.

வெட்டிய பக்கமும் அப்படியே. குளிர்காலத்தில் வயல் வேலை ஓய்ந்த விவசாயிகள் தொடக்கத்தில் ஏரிக்கு வந்தார்கள். பின்னர் அயர்லாந்திலிருந்து பசிக்குத் தப்பி வந்தவர்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள். ஊரான் வயலை உழுது, பண்ணை வீட்டிலேயே உண்டு வளர்ந்த உறவு, நாட்கூலியாகச் சுருங்கியது. லோவெல் நகர நெசவாலைகளில் கிராமத்துப் பெண்கள் மணிச்சத்தத்துக்கு எழுந்ததும் இதே தலைமுறையில்தான். ரியூடரின் பழைய சந்தைகள் எவை? ஹவானா, சார்ல்ஸ்ரன், நியூ ஓர்லியன்ஸ். மூன்றும் அடிமைகளின் உழைப்பில் நின்ற ஊர்கள். மாசச்சூசெற்சில் 1783இலேயே நீதிமன்றம் அடிமைமுறைக்கு இடமில்லை என்று தீர்த்துவிட்டது. ஆனால் அங்கிருந்து போன ஐஸ் தோட்ட முதலாளியின் கிண்ணத்தில் மிதந்தது, திரும்பிய கப்பலில் அடிமை பறித்த பஞ்சு வந்தது. அந்தக் குடியரசைப் போற்றுபவர்களும் தூற்றுபவர்களும் ஏதாவது ஒரு கப்பலைத்தான் எண்ணுகிறார்கள். போக்குக்கும் வரவுக்கும் சேர்த்துக் கணக்கு எழுத வேண்டும்.

புளோரிடாவில் காய்ச்சல் நோயாளிகளைக் குளிர்விக்க ஐஸ் செய்யும் இயந்திரம் அமைத்த ஜோன் கொரி என்ற மருத்துவர் 1851இல் அதற்கு உரிமம் பெற்றார். முதலீடு கிடைக்காமல் நொடித்து, 1855இல் இறந்தார். ரியூடர் 1864இல் செல்வந்தராக இறந்தார். அவருடைய வியாபாரம் அவருக்குப் பின் நெடுநாள் நிற்கவில்லை: 1874இல் சென்னையிலேயே இயந்திர ஐஸ் கம்பனி தொடங்கியது, நான்கு ஆண்டில் வங்காளத்திலும் ஒன்று. சென்னைக் களஞ்சியத்தை வழக்கறிஞர் பிளிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக்கினார். 1897 பெப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். பின்னர் அரசு அதை வாங்க, சகோதரி சுப்புலட்சுமியின் பொறுப்பில் இளம் விதவைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். 1963இல் கட்டடம் விவேகானந்தர் இல்லமாயிற்று. அந்த வட்டாரத்துப் பொலிஸ் நிலையத்தின் பெயர் மட்டும் இன்றைக்கும் ஐஸ் ஹவுஸ்தான்.