பதின்ம வயதில் ஆட்டிசம்: தாமதமாக எழும் கேள்வி

தமிழ்நாட்டு அரசின் நலத்திட்டங்களில் ஆட்டிசம் உள்ளவர்களைக் குறிக்கப் ‘புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கமுடையோர்’ என்ற நீண்ட தொடர் வழங்கிவந்துள்ளது. யாரையும் ஏறிட்டுப் பாராமல், பேச்சும் வராமல், பொம்மைக் காரின் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருக்கும் மூன்று வயதுக் குழந்தையை மனத்தில் வைத்து ஆக்கப்பட்ட தொடர் இது என்பது படித்தவுடன் விளங்கும். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும், கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கும், நகரத்துப் பேருந்துத் தடங்களை எண் தவறாமல் ஒப்பிக்கும், ஆனால் நண்பன் என்று ஒருவனும் இல்லாத, பள்ளி விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு இரவுவரை எவரோடும் பேசாத ஒரு பிள்ளையின் பெற்றோர் இதைப் படித்தால், தம் பிள்ளைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றே முடிவு செய்வார்கள். அத்தகைய பிள்ளைக்கும் ஆட்டிசம் இருக்கக்கூடும் என்று மருத்துவ உலகம் உணர்ந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதை ஆராய்ந்து உறுதி செய்ய வேண்டிய ஏற்பாடுகளில் பெரும்பகுதி இன்னும் மழலைப் பருவத்தை விட்டு வெளியே வரவில்லை.

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்திலேயே அமையும் ஒரு வேறுபாடு. பிறரோடு உறவாடும் முறை, சொல்லாலும் முகக்குறிப்பாலும் கருத்தைப் பரிமாறும் முறை, ஒலியையும் ஒளியையும் தொடுகையையும் புலன்கள் ஏற்கும் முறை ஆகிய அனைத்தையும் அது தொடுகிறது. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கேனர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 11 குழந்தைகளை விவரித்து எழுதிய கட்டுரையிலிருந்தே இதன் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். ஆனால் அடுத்த ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், சரளமாகப் பேசக்கூடிய, பிடித்த பொருளில் வயதுக்கு மீறிய அறிவுடைய, சக மாணவரோடு மட்டும் ஒட்ட முடியாத பள்ளிச் சிறுவர்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதினார். இவ்விருவருக்கும் முன்பே, 1920களில், மாஸ்கோவில் குருன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் இதையொத்த ஆறு சிறுவர்களை மிக நுட்பமாகப் பதிவு செய்திருந்தார். ஆகவே பள்ளி வயதுப் பிள்ளைகள் இந்தத் துறையின் தொடக்கத்திலேயே இருந்தார்கள். கேனரின் சித்திரம் ஆங்கிலத்தில் இருந்ததால் அது உலகெங்கும் பரவியது. மற்றவை 1981இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் ஆஸ்பெர்கரின் பணியை ஆங்கில வாசகர்களுக்கு எடுத்துக்காட்டும்வரை பெரும்பாலும் அறியப்படாமலே கிடந்தன. ஒரு மொழிபெயர்ப்பு தாமதமானதன் விலையை ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கொடுத்தார்கள் என்று சொல்வது மிகையாகாது.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்னும் கண்டறிதல் கையேடு, பல பெயர்களில் சிதறிக்கிடந்த வகைகளை ‘ஆட்டிச நிறமாலை’ என்ற ஒரே தலைப்பின் கீழ்க் கொண்டுவந்தது. வெள்ளொளி பல நிறங்களாக விரிவதைப்போல ஒரே அடிப்படை வேறுபாடு ஆளுக்கு ஆள் வெவ்வேறு அளவிலும் வடிவிலும் வெளிப்படுகிறது என்பது இப்பெயரின் பொருள். பெற்றோருக்கு மிகவும் பயன்படக்கூடிய ஒரு விதி அக்கையேட்டில் உண்டு. அறிகுறிகள் வளர்ச்சியின் தொடக்கக் காலத்திலேயே இருந்திருக்க வேண்டும். எனினும் சமூகம் ஒருவரிடம் எதிர்பார்ப்பது அவருடைய திறனை மீறும்வரை அவை முழுமையாக வெளிப்படாமல் இருக்கலாம், அல்லது வளர்ந்தபின் கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்திருக்கலாம் என்று அது கூறுகிறது. தொடக்கப் பள்ளியில் நட்பு என்பது சேர்ந்து ஓடி விளையாடுவது. பதின்ம வயதில் அது கிண்டலையும் குறிப்பையும் சொல்லாமல் விட்டதையும் புரிந்துகொள்வதாக மாறிவிடுகிறது. பத்து வயதுவரை எப்படியோ சமாளித்து வந்த பிள்ளை பதின்மூன்றில் தடுமாறி நிற்பதற்கு இந்த மாற்றம் போதும். “சின்ன வயதில் நன்றாகத்தானே இருந்தான், இப்போது எப்படி ஆட்டிசம் வரும்?” என்று உறவினரும் ஆசிரியரும், சில வேளை மருத்துவரும் கேட்கும் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. புதிதாக எதுவும் வந்துவிடவில்லை. முன்பே இருந்தது, தாங்க முடியாத சுமை ஏறியபோது வெளியே தெரிந்தது.

ஆட்டிசத்தைக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ இன்றுவரை இல்லை. பெற்றோரிடம் கேட்டறியும் வளர்ச்சி வரலாறு, வல்லுநர் நேரில் காணும் நடத்தை, பள்ளியிலிருந்து கிடைக்கும் தகவல் ஆகியவற்றை ஒன்றுசேர்த்தே முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. உலக அளவில் பெரிதும் பயன்படும் இரு கருவிகளில் ஒன்றான ஏடிஐ-ஆர் என்பது பெற்றோரிடம் 93 கூறுகளைப் பற்றிக் கேட்கும் நேர்காணல். மற்றொன்றான ஏடாஸ், 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை பிள்ளையோடு உரையாடியும் சில செயல்களைச் செய்யச் சொல்லியும் உற்றுநோக்கும் முறை. இவற்றைப் பதின்ம வயதில் பயன்படுத்தும்போது இரண்டு இடர்கள் எழுகின்றன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் குழந்தை கைநீட்டிப் பொருளைச் சுட்டிக்காட்டியதா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்த்ததா என்ற நினைவு மங்கியிருக்கும். கூட்டுக் குடும்பத்தில் குழந்தையை வளர்த்த பாட்டி உயிரோடு இல்லாமலும் இருக்கலாம். இது முதல் இடர். அதனினும் கடினமான இரண்டாவது இடர், பிள்ளை தன்னை மறைத்துக்கொள்ளக் கற்றுவிட்டிருப்பது.

ஆய்வாளர்கள் மறைப்பு நடத்தை என்று குறிப்பிடும் இது ஏமாற்று வேலை ஆகாது. எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்கக் கூசினால் புருவ நடுவைப் பார்ப்பது, வகுப்பில் எல்லாரும் சிரிக்கும்போது காரணம் புரியாவிட்டாலும் சிரிப்பது, சொல்ல வேண்டிய வாக்கியங்களை முன்கூட்டியே மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொள்வது, கையை உதற வேண்டும் என்று எழும் உந்துதலைப் பைக்குள் விரல்களை மடக்கி அடக்கிக்கொள்வது என அது பல வடிவங்களில் நடக்கிறது. இதை அளப்பதற்கென்றே பிரிட்டனில் லாரா ஹல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 25 கூறுகள் கொண்ட வினாநிரலை உருவாக்கி 2019இல் வெளியிட்டனர். நாள் முழுதும் இப்படி நடிப்பதற்குச் செலவாகும் உழைப்பு மிகப் பெரிது. பள்ளியில் “தங்கமான பிள்ளை” என்று பெயரெடுத்தவன் வீட்டு வாசலைத் தாண்டியதும் வெடித்து அழுவதற்கும், பையைத் தூக்கி எறிவதற்கும் அந்தக் களைப்பே பல நேரங்களில் காரணமாகிறது. பள்ளியோ பெற்றோர் சொல்வதை நம்புவதில்லை. வீட்டில்தான் ஏதோ கோளாறு, செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்ற தீர்ப்போடு விஷயம் முடிந்துவிடுகிறது.

பெண்பிள்ளைகளிடம் இந்த மறைப்பு இன்னும் ஆழமாகப் பதிந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே ஆட்டிசத்தின் விகிதம் நான்குக்கு ஒன்று என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது மூன்றுக்கு ஒன்றை ஒட்டியே இருப்பது தெரிந்தது. அடக்கமாக இருப்பதே பெண்ணுக்கு அழகு என்று போற்றும் நம் சமூகத்தில், பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளையை எவரும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில்லை. அவள் சாப்பிட மறுக்கும்போதோ, பள்ளிக்குப் போகவே முடியாமல் படுத்துவிடும்போதோதான் முதல் மருத்துவச் சந்திப்பு நிகழ்கிறது. அப்போதும் பதற்றம், மனச்சோர்வு என்று மேலே தெரிவதற்குப் பெயர் கிடைக்குமே தவிர, அடியில் இருப்பதைத் தோண்டிப் பார்ப்பவர் குறைவு.

இந்தியாவில் கையிலுள்ள கருவிகளைப் பார்த்தால் இடைவெளி இன்னும் தெளிவாகத் தெரியும். இன்க்ளென் அமைப்பு உருவாக்கி, இந்திய மொழிகள் பலவற்றில் பயன்படும் கண்டறிதல் கருவி 2 முதல் 9 வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு உரியது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்குப் பயன்படுவது, செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் வடிவமைத்த இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல். ஆறு பிரிவுகளில் 40 கூறுகளைக் கொண்ட இந்த அளவுகோலில், ஒவ்வொரு கூறுக்கும் அந்த நடத்தை எவ்வளவு அடிக்கடி தென்படுகிறது என்பதைப் பொறுத்து 1 முதல் 5 வரை புள்ளி இடப்படும். கூட்டுத்தொகை 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை மிதமானது. 107 முதல் 153 வரை நடுத்தரமானது. அதற்கு மேல் கடுமையானது. நாட்டின் எந்த மூலையிலும் ஒரே முறையில் பயன்படுத்தத்தக்க ஓர் அளவுகோலை உருவாக்கியது நல்ல பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் சரளமாகப் பேசும் பதினைந்து வயதுப் பிள்ளையை இதில் பொருத்திப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை எளிய கணக்கே காட்டிவிடும். பேச்சுப் பிரிவில் உள்ள கூறுகளில் பல, கேட்ட சொல்லை அப்படியே திருப்பிச் சொல்வது, ‘நான்’ என்பதற்குப் பதில் ‘நீ’ என்பது, பொருளற்ற ஒலிகளை எழுப்புவது போன்றவை. அவற்றில் அந்தப் பிள்ளைக்கு 1 புள்ளிதான் கிடைக்கும். நட்பு, உரையாடல், மாற்றத்தை ஏற்காமை, ஒலியைத் தாங்காமை என்று பத்துக் கூறுகளில் மட்டும் 3 புள்ளி பெற்று, எஞ்சிய முப்பதில் 1 புள்ளி பெற்றால் கூட்டுத்தொகை 60. அடிக்கடி தென்படுவதையே அளக்கும் கருவி, தென்படாமல் அடக்கிவைக்கும் உழைப்புக்கு மதிப்பெண் தருவதில்லை; எவ்வளவு திறமையாக ஒரு பிள்ளை துன்பத்தை மறைக்கிறதோ அவ்வளவுக்கு அதன் துன்பம் இல்லை என்று கணக்காகிவிடுகிறது.

இங்கே பெற்றோர் பலர் குழம்புவது கண்டறிதலும் சான்றிதழும் ஒன்றே என்று கருதுவதால்தான். கண்டறிதல் என்பது ஒருவருக்கு ஆட்டிசம் உண்டா என்ற மருத்துவ முடிவு. சான்றிதழ் என்பது அதனால் ஏற்படும் குறைபாட்டின் விழுக்காட்டை அரசு ஏற்பது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிட்ட ஏழு வகைகளில் ஆட்டிசம் இடம்பெறவில்லை; 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலும், 2016இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமே 21 வகைகளுள் ஒன்றாக ஆட்டிசத்துக்கு உரிய இடத்தைக் கொடுத்தது. அச்சட்டத்தின் பல உரிமைகளுக்குக் குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்த அளவு குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடஒதுக்கீடு உண்டு. எழுத்துத் தேர்வுகளில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவரின் துணையும் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வில் அந்தக் கூடுதல் நேரம் ஒரு முழு மணி நேரம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போதுதான் பெரும்பாலான பெற்றோர் சான்றிதழைத் தேடி ஓடத் தொடங்குகிறார்கள். வரிசை நகர்வதற்குள் தேர்வு முடிந்துவிடுகிறது. சட்டம் தரும் வரையறையே ஆட்டிசத்தைப் பொதுவாக முதல் மூன்று ஆண்டுகளில் தோன்றும் நிலை என்று கூறுவதால், அப்போதைய மருத்துவக் குறிப்பு எதுவும் இல்லாத பிள்ளையைக் கண்டு மருத்துவ வாரியம் தயங்குவதும் நடக்கக்கூடியதே. தோன்றுவது வேறு, கண்ணில் படுவது வேறு என்ற வேறுபாடு அந்தத் தயக்கத்தில் தொலைந்துபோகிறது.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயதுவரையான பிள்ளைகளைப் பரிசோதிக்க வகைசெய்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு மருத்துவக் குழுக்கள் நேரில் செல்கின்றன. ஆனால் குறையுள்ளோரை அனுப்பிவைக்கும் மாவட்ட மையங்களின் பெயரே ‘ஆரம்பநிலை இடையீட்டு மையம்’. அங்கே உள்ள நாற்காலிகளும் விளையாட்டுப் பொருள்களும் சிறு குழந்தைகளுக்கானவை. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர்கள் நாட்டின் தேவைக்கு மிகக் குறைவு. இருப்பவர்களும் பெருநகரங்களிலேயே குவிந்திருக்கிறார்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005இல் நிறுவப்பட்ட பன்முகக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் மதிப்பீடு கிடைக்கும். தென்காசியிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வரும் குடும்பத்துக்கு அது கூலியிழப்பும் பயணச் செலவும் பள்ளி விடுப்பும் சேர்ந்த முயற்சி, அதுவும் ஒரே வருகையில் முடிவதில்லை. வசதியான நாடுகளிலும் இந்தக் காத்திருப்பு தீரவில்லை. இங்கிலாந்தில் பரிந்துரை கிடைத்த மூன்று மாதங்களுக்குள் மதிப்பீட்டைத் தொடங்க வேண்டும் என்று 2011இலேயே நெறிமுறை வகுக்கப்பட்டும், இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே காத்திருப்பில் இருக்கிறார்கள்.

இந்நிலையில் பெற்றோரின் கையில் இருக்கும் சாட்சியம் எளிதில் ஒதுக்கிவிடக் கூடியதன்று. தடுப்பூசி அட்டை, பாலர் பள்ளி ஆசிரியர் எழுதிய குறிப்பு, பிறந்தநாள் விழாவில் எல்லாரும் கேக்கைச் சுற்றி நிற்கக் குழந்தை மட்டும் ஓரத்தில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் பழைய கைப்பேசிக் காணொளி ஆகியவை, மங்கிய நினைவைவிட வலுவான ஆதாரங்கள். வீட்டில் நடப்பதைத் தேதியிட்டு எழுதிவைப்பதும், அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று குறிப்பதும் வல்லுநரின் வேலையைப் பாதியாகக் குறைக்கும். பிள்ளையின் சொந்தச் சொற்களும் அந்தக் கோப்பில் இடம்பெற வேண்டும். மூன்று வயதுக் குழந்தையால் சொல்ல முடியாததைப் பதினைந்து வயதுப் பிள்ளையால் சொல்ல முடியும் என்பது, இந்த வயதில் நடக்கும் மதிப்பீட்டுக்கு உள்ள ஒரே பெரிய அனுகூலம். எதற்காக இந்தச் சோதனை என்று பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லி, அதன் இசைவைப் பெற்றபின் அழைத்துச் செல்வதே முறை.

அரசும் மருத்துவ வாரியங்களும் செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. பத்து வயதைக் கடந்தவர்களுக்கென்று தமிழில் தரப்படுத்திய மதிப்பீட்டுக் கருவி ஒன்று வேண்டும். மாவட்ட மையங்களில் வாரத்துக்கு ஒரு நாளையாவது பதின்ம வயதினருக்கு ஒதுக்க வேண்டும். அளவுகோலின் கூட்டுத்தொகையோடு நிறுத்திக்கொள்ளாமல் பெற்றோரின் வாக்குமூலத்தையும் பிள்ளையின் பேச்சையும் வாரியம் எழுத்தில் பதிய வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஆட்டிசத்துக்கான சான்றிதழ் கோருவதற்கு வயது வரம்பு எதையும் விதிக்கவில்லை.