ஆளைக் கொல்லாத பிளேக் கிருமி ஓர் ஆய்வாளரைக் கொன்றது எப்படி?

2009 செப்டம்பரில், அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 60 வயது ஆய்வாளர் ஒருவர் பிளேக் தொற்றால் இறந்துபோனார். அவர் ஆய்வகத்தில் கையாண்டது வீரியம் குறைந்த பிளேக் கிருமி. ஆபத்தில்லாதது என்று நம்பப்பட்ட ரகம். பிறகு எப்படி?

விடை இரும்பில் இருக்கிறது.

பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருக இரும்புச்சத்து வேண்டும். நம் உடம்பில்தான் 3, 4 கிராம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் சும்மா கிடைக்காது. பெரும்பகுதி சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினுக்குள் அடைபட்டிருக்கிறது. ரத்தத்தில் பயணிக்கும் மிச்சத்தை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கிருமி நுழைந்துவிட்டால், கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, ரத்தத்துக்கு இரும்பு வருவதையே குறைத்துவிடும். திருடன் வந்தது தெரிந்ததும் பீரோவைப் பூட்டுவது மாதிரி.

கிருமிகளும் லேசுப்பட்டவை அல்ல. சிடரோஃபோர் என்ற சின்னஞ்சிறு மூலக்கூறுகளை வெளியே அனுப்பும். அவை டிரான்ஸ்ஃபெரினிடமிருந்தே இரும்பைப் பிடுங்கிக்கொண்டு திரும்பும். ஈ.கோலை அனுப்பும் சிடரோஃபோரை மடக்கிப் பிடிக்க நம்மிடம் லிப்போகேலின்-2 என்ற புரதம் உண்டு. சால்மோனெல்லாவோ அதே மூலக்கூறில் சர்க்கரையை ஒட்டி அனுப்புகிறது. லிப்போகேலினால் அதைப் பிடிக்க முடிவதில்லை. லைம் நோய்க் கிருமி இன்னும் கெட்டிக்காரன். இரும்பே வேண்டாம் என்று மாங்கனீஸை வைத்துச் சமாளிக்கிறது!

சிகாகோ கிருமிக்கு வருவோம். இரும்பைப் பறிக்கும் மரபணுக்கள் அதில் கிடையாது. அது பலவீனமாக இருந்ததற்குக் காரணமே அதுதான். ஆனால் பிரேதப் பரிசோதனையில் அந்த ஆய்வாளருக்கு ஹீமோகுரோமடோசிஸ் இருந்தது தெரியவந்தது. உணவிலுள்ள இரும்பை உடம்பு அளவுக்கு மீறி உறிஞ்சிச் சேர்த்துவைக்கும் பரம்பரைக் கோளாறு இது. பறிக்கத் தெரியாத கிருமிக்கும் அங்கே போதுமான இரும்பு கிடைத்திருக்கலாம் என்றது, 2011இல் வெளியான அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிக்கை. பின்னர் இதே கோளாறுள்ள எலிகளில் சோதித்தபோதும் கிருமிக்கு வீரியம் திரும்பியது. (இதைப் படித்துவிட்டு, ரத்தசோகைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது வேறு விஷயம்.)

கிருமியின் இந்தப் பசியையே மருந்தாளர்கள் தூண்டிலாக்கிவிட்டார்கள். 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃபிடெரோகால் என்ற ஆன்டிபயாடிக், சிடரோஃபோர் போல இரும்பைப் பிடித்துக்கொண்டு போய் நிற்கும். இரை வந்துவிட்டது என்று பாக்டீரியாவே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.