ஒரு பனியனுக்கு எத்தனை அரசாங்கம் தெரியுமா?

நம் அரசியலமைப்புச் சட்டத்தில் பருத்திக்கொட்டைக்குத் தனி இடம் இருக்கிறது, தெரியுமா? நிஜம்தான்! ஏழாவது அட்டவணை, பொதுப்பட்டியல், 33-வது இனம். கொட்டை எடுத்த பஞ்சு, கொட்டை எடுக்காத பஞ்சு, பருத்திக்கொட்டை என்று பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறார்கள். மாட்டுத் தீவனமும் புண்ணாக்கும்கூட அதே வரிசையில் உண்டு! 1954-ல் வந்த மூன்றாவது திருத்தத்தின் வேலை இது.

1950-ல் அதிகாரங்களை எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? மத்தியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, இருவருக்கும் பொதுவாக 47! திருப்பூர் பனியன் இந்த மூன்றிலும் புகுந்து புறப்படுகிறது. பஞ்சு பொதுப்பட்டியல். சாயம் போடும் தண்ணீர் மாநிலப் பட்டியல். மெஷின் ஓட்டும் கரண்ட் பொதுப்பட்டியல். தைப்பவரின் கூலி, போனஸ் எல்லாம் பொதுப்பட்டியல். பேக்கிங் முடிந்து கப்பல் ஏறும்போது மத்தியப் பட்டியல்! ஒரே ஒரு பனியன்!

பஞ்சுக்கு வரி போட்டது யார், எடுத்தது யார்? 2021 பட்ஜெட்டில் டெல்லி இறக்குமதிப் பஞ்சுக்கு வரி போட்டது. மொத்தம் 11 சதவீதம்! அதே 2021-ல் சென்னை தன் பங்கில் இருந்த 1 சதவீத சந்தை வரியை நீக்கியது. மாநிலத்தால் இறக்க முடிந்தது அந்த ஒன்றைத்தான். மீதி 11-க்கு நூல் விலை ஏறும்போதெல்லாம் திருப்பூர் டெல்லியைப் பார்த்துத்தான் நின்றது. 2022-ல் சில மாதம் விலக்கு, 2025 ஆகஸ்ட்டில் மறுபடி விலக்கு!

சரி, திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு பனியன் கடைக்குப் போய் பில்லைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் என்ன? 33! அது தமிழ்நாட்டின் எண். வாங்குகிறவர் கோயம்புத்தூர்க்காரர் என்றால் கீழே இரண்டு வரி அச்சாகியிருக்கும்: மத்திய ஜிஎஸ்டி 2.5, மாநில ஜிஎஸ்டி 2.5. வாங்குகிறவர் லக்னோ வியாபாரி என்றால்? இரண்டு வரியும் காணாமல் போய், ஐஜிஎஸ்டி 5 என்று ஒரே வரி வந்து உட்காரும்!

அந்த ஒரு வரியில்தான் பெரிய அதிசயம் ஒளிந்திருக்கிறது. லக்னோவுக்குப் போன பனியனின் மாநில வரிப் பங்கு யாருக்கு? நூல் வாங்கி, நிட்டிங் ஓட்டி, சாயம் போட்டு, கட்டிங், ஓவர்லாக், ஃப்ளாட்லாக், செக்கிங், அயர்னிங் என்று அத்தனையும் நடந்தது திருப்பூரில். பங்கு போவது உத்தரப்பிரதேசத்துக்கு! ஆமாம், பொருள் எங்கே உருவாகிறதோ அங்கே அல்ல, எங்கே விற்றுத் தீர்கிறதோ அந்த மாநிலத்துக்குத்தான் வரி. 2017 ஜூலை 1-லிருந்து இதுதான் விதி. அதற்கு முன் வெளி மாநிலத்துக்கு விற்றால் 2 சதவீத மத்திய விற்பனை வரி வந்தது. பெயர்தான் மத்திய வரி, காசு முழுக்க விற்ற மாநிலத்துக்கு! தொழில் நிறைந்த மாநிலங்கள் பதறியதில் ஆச்சரியம் உண்டா? நட்ட ஈடு தருகிறோம், ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சிக்கு உத்தரவாதம் என்று டெல்லி சொன்னது. எத்தனை வருஷத்துக்கு? ஐந்தே வருஷம்! 2022 ஜூன் 30-ஓடு முடிந்தது.

இன்னொன்று கேளுங்கள்! வரி விகிதங்களைப் பரிந்துரைக்கும் ஜிஎஸ்டி கவுன்சிலில் ஓட்டுக் கணக்கு எப்படி? மத்திய அரசு ஒன்றுக்கே மூன்றில் ஒரு பங்கு. எல்லா மாநிலங்களும் சேர்ந்து மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? எல்லா மாநிலமும் ஒரே குரலில் கேட்டாலும் 66.7-க்கு மேல் போகாது. 75 எட்டாது! டெல்லி தலையாட்டாமல் ஒன்றும் நகராது! சரி, மாநிலங்களுக்குள்ளாவது ஆள்கணக்குப் பார்ப்பார்களா? அதுவும் இல்லை. ஏழு கோடிக்கு மேல் மக்கள் உள்ள தமிழ்நாட்டுக்கு எத்தனை மதிப்போ, ஆறு லட்சம் பேர் வாழும் சிக்கிமுக்கும் அத்தனை மதிப்புதான்!

அந்தக் கவுன்சில் ஒருமுறை திருப்பூரை எந்த விளிம்புக்குக் கொண்டுபோனது தெரியுமா? துணிக்கும் ஆடைக்கும் 5 சதவீதத்தை 12 ஆக்குவது என்று 2021 செப்டம்பரில் முடிவெடுத்தார்கள். அமலாகும் நாள் 2022 ஜனவரி 1. ஊரே கொதித்தது. கவுன்சில் மறுபடி கூடி நிறுத்தி வைத்தது எந்த நாளில்? 2021 டிசம்பர் 31! புத்தாண்டுக்கு முந்தின நாள்!

கவுன்சில் சொல்வது வெறும் பரிந்துரைதான், நாடாளுமன்றத்தையும் சட்டமன்றங்களையும் கட்டுப்படுத்தாது என்று 2022 மே 19-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைப் பலரும் மறந்தே போனார்கள்!

தண்ணீர் கதைக்கு வருவோமா? தண்ணீர் மாநிலத்தின் பொருள். அப்படியானால் 1974-ல் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் எப்படிப் போட்டது? மாநிலங்களிடம் அனுமதி கேட்டுத்தான்! 252-வது பிரிவு அப்படி ஒரு வழி வைத்திருக்கிறது. 12 மாநிலச் சட்டமன்றங்கள், 'எங்களுக்காக நீங்களே சட்டம் போடுங்கள்' என்று தீர்மானம் நிறைவேற்றித் தந்தன. அந்த 12-ல் தமிழ்நாடு இல்லை! பிறகுதான் சேர்ந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறந்தது 1982-ல்.

ஆனால் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றைக் காப்பாற்றக் கடைசியில் கதவைத் தட்டியவர்கள் யார்? கீழ்மடை விவசாயிகள்! தட்டிய கதவு நீதிமன்றத்தின் கதவு. ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதில் சாயத்தண்ணீர் தேங்கி நின்ற ஆறு இது. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரே உத்தரவில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது! ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறினால்தான் திறக்கலாம். பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு வட்டியில்லாமல் 200 கோடி ரூபாய் கடன் கொடுத்தது. இன்றைக்குச் சாயக் கழிவுநீரில் 90 சதவீதத்துக்கு மேல் சுத்தமாகித் திரும்பவும் சாயத் தொட்டிக்கே வருகிறது! இந்த மாற்றத்துக்கு விலை கொடுத்த சின்னப் பட்டறைகளையும், அதற்கு முன்பே வயல் இழந்தவர்களையும் நினைத்தால் மனசு கனக்கிறது.

இன்னொரு தண்ணீர் கதை! இதே மாவட்டத்தில், உடுமலைப்பேட்டை பக்கத்துத் திருமூர்த்தி அணைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பரம்பிக்குளத்திலிருந்து. பரம்பிக்குளம் அணை இருப்பது கேரளத்தில். அணையைப் பராமரிப்பது தமிழ்நாடு! 1970-ல் இரண்டு மாநிலமும் போட்ட ஒப்பந்தம் அது. இன்னும் விசித்திரம்: கேரளக்காரர்கள் தங்கள் மாநிலத்துப் பரம்பிக்குளத்துக்கு ரோடு வழியாகப் போக வேண்டுமானால், சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்துதான் போக வேண்டும்!

மாநில சுயாட்சி என்ற குரலுக்கும் திருப்பூருக்கும் என்ன உறவு? காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பிள்ளையான அண்ணா, பெரியாரை முதன்முதலில் சந்தித்தது எங்கே? திருப்பூரில்! 1930-களின் நடுவில் நடந்த இளைஞர் மாநாட்டில்! அந்த அண்ணா 1967-ல் முதலமைச்சரானார். சென்னை மாநிலம் 1969 ஜனவரி 14-ல் தமிழ்நாடு ஆனது. அதே 1969-ல் மத்திய, மாநில உறவை ஆராய ராஜமன்னார் குழு, 1971-ல் அறிக்கை. ஒரு மாநில அரசு தானே குழு போட்டு டெல்லியின் அதிகாரத்தை அளந்து பார்த்த அதிசயம்! 1974 ஏப்ரல் 16-ல் சட்டமன்றத்தில் சுயாட்சித் தீர்மானம். கிட்டத்தட்ட 51 வருஷம் கழித்து, 2025 ஏப்ரல் 15-ல், அதே வேலைக்கு நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மறுபடி ஒரு குழு! கேள்வி அப்படியே இருக்கிறது!

கொடி காத்த குமரன் 1932 ஜனவரியில் உயிர் விட்ட ஊர் அல்லவா திருப்பூர்? தேசியக் கொடியை ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்ற ஒரு முதலமைச்சருக்கு எப்போது உரிமை கிடைத்தது தெரியுமா? 1974-ல்! அதுவரை ஆளுநர்தான் ஏற்றினார். கருணாநிதி கேட்டார், இந்திரா காந்தி ஒப்புக்கொண்டார். இன்று எல்லா மாநில முதல்வர்களும் கொடியேற்றுவது அதனால்தான்!

திருப்பூர் மாவட்டத்துக்கு எத்தனை எம்.பி. தெரியுமா? ஐந்து! மாவட்டம் பிறந்தது 2009 பிப்ரவரியில், கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பிரித்து. சட்டமன்றத் தொகுதி எட்டு. திருப்பூர் வடக்கும் தெற்கும் திருப்பூர் மக்களவைத் தொகுதியில். தாராபுரமும் காங்கேயமும் ஈரோட்டில். பல்லடம் கோவையில். உடுமலையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சியில். வெயில் கொளுத்தும் அவிநாசி? நீலகிரியில், ஊட்டியோடு! திருப்பூர் மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் நான்கு ஈரோடு மாவட்டத்தில்! பெயர் திருப்பூர், பாதிக்கு மேல் பவானி, அந்தியூர், கோபி, பெருந்துறை!

தமிழ்நாட்டுக்கு ஒரு காலத்தில் 41 மக்களவை உறுப்பினர்கள் இருந்தார்கள், தெரியுமா? 1962 வரை! 1967-ல் 39 ஆனது. இரண்டு இடம் போயே போச்சு!

இதைக் கேட்டால் இன்னும் திகைப்பீர்கள். 60 வார்டு கொண்ட திருப்பூர் மாநகராட்சியில் ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரு கவுன்சிலர்கூட இல்லை! 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த கவுன்சிலர்கள் உட்கார்ந்தது 2022 மார்ச்சில். நடுவில் எல்லாம் தனி அலுவலர் ஆட்சி! சாக்கடை அடைத்தால், தெருவிளக்கு எரியாவிட்டால், ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒரு மனுஷரிடம் போய்ச் சொல்ல வழியில்லை. 74-வது திருத்தம் 18 பொறுப்புகளைப் பட்டியல் போட்டு நகராட்சிகளுக்கு எழுதி வைத்தும் இந்தக் கதி! டெல்லி சென்னைக்குத் தராததைப் பற்றி எவ்வளவு உரக்கப் பேசுகிறோமோ, சென்னை நம் வார்டுக்குத் தராததைப் பற்றியும் அவ்வளவு உரக்கப் பேசத்தான் வேண்டும்!

கடல் தாண்டினால்? இலங்கையில் 1987-ல் 13-வது திருத்தம் ஒன்பது மாகாண சபைகளைத் தந்தது. தனி வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் எப்போது? 26 வருஷம் கழித்து, 2013-ல்! 2019-க்குள் ஒன்பது சபைகளின் காலமும் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லாமலே ஆண்டுகள் உருண்டன!

நம் ஊருக்கே திரும்புவோம். உங்கள் சம்பளத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிடிக்கும் தொழில் வரி யாருக்குப் போகிறது? உள்ளாட்சிக்கு! வருஷத்துக்கு அதிகபட்சம் 2,500 ரூபாய். இந்த உச்சவரம்பு எந்த ஆண்டு வைத்தது? 1988! அரசியலமைப்பிலேயே எழுதியிருப்பதால் அதைத் திருத்தாமல் ஒரு ரூபாய்கூட ஏற்ற முடியாது!

ஒடிசாவிலிருந்து வந்து டைலர் வேலை பார்ப்பவர் தன் ஊர் ரேஷன் கார்டைக் காட்டித் திருப்பூர் கடையிலேயே அரிசி வாங்கலாம், 2020 அக்டோபரிலிருந்து! 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது என்ன நடந்தது தெரியுமா? பீகார் அரசே அதிகாரிகள் குழுவைத் திருப்பூருக்கு அனுப்பித் தன் மக்களைப் பார்த்து வரச் சொன்னது! ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்துக்குத் தூது!

கடைசியாக ஒன்று! 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் ஊர் அதிர்ந்தது. தமிழ்நாடு அரசால் என்ன செய்ய முடிந்தது? பிரதமருக்குக் கடிதம் எழுத முடிந்தது! பேச்சுவார்த்தை மேசையில் மாநிலத்துக்கு நாற்காலி கிடையாது. வெளிநாட்டு ஒப்பந்தம் என்று வந்துவிட்டால், 253-வது பிரிவின்படி மாநிலப் பட்டியலில் உள்ள விஷயத்துக்கும் நாடாளுமன்றமே சட்டம் போடலாம்!

உலகம் முழுக்க இப்படித்தானா? இல்லவே இல்லை! பெல்ஜியம் என்ற குட்டி நாட்டில் வலோனியா என்றொரு வட்டாரம். மக்கள் தொகை சுமார் 36 லட்சம். 2016 அக்டோபரில் அதன் சட்டமன்றம், கனடாவோடு ஐரோப்பிய ஒன்றியம் போடவிருந்த வர்த்தக ஒப்பந்தத்துக்கு 'முடியாது' என்று சொன்னது. 28 நாடுகள், 50 கோடி மக்கள், ஏழு வருஷப் பேச்சுவார்த்தை, அத்தனையும் அப்படியே நின்றது! எங்கள் விவசாயிகளுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டு, எழுத்தில் உறுதி வாங்கிய பிறகுதான் கையெழுத்துப் போட விட்டார்கள். திருப்பூர் மாவட்டத்தில் 2011 கணக்குப்படியே கிட்டத்தட்ட 25 லட்சம் பேர், தமிழ்நாட்டில் ஏழு கோடிக்கு மேல். நமக்கு அந்த மேசையில் ஒரு நாற்காலி எப்போது?